அதிகம் பேசாத கலைஞர்களோடு இசைக்குழு நடத்துவது எப்படி

ஒருவரைச் சிறுமைப்படுத்த வேண்டுமென்றால் நாம் "சும்மா ஒத்து ஊதுகிறான்" என்கிறோம், "ஜால்ரா அடிக்கிறான்" என்கிறோம், "பின்பாட்டுப் பாடுகிறான்" என்கிறோம். இந்த மூன்றும் இசைமேடையில் ஒருவர் அமர்ந்து மணிக்கணக்காகச் செய்த வேலைகள் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து என்பது விரல் வைத்து வாசிக்கும் துளைகள் இல்லாத குழல். அதை ஊதுபவர் ஒரே சுருதியை மூச்சு அறுபடாமல் பிடித்துக்கொண்டே இருப்பார். சுருதிப்பெட்டி வந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும் வரையில், பெரிய வித்வான்களின் ராக ஆலாபனை முழுவதும் அந்த ஒற்றைச் சுரத்தின் மேல்தான் நின்றது. அப்படி ஒரு வேலையை வசைச்சொல் ஆக்கிய பழக்கம் இன்றைய இசைக்குழுக்களிலும் வேறு வடிவில் தொடர்கிறது என்பதே என் மனக்குறை. மைக்கைப் பிடித்துப் பேசத் தெரிந்தவரைக் கலைஞர் என்றும், பேசாமல் வாசித்துவிட்டுப் போகிறவரை ஆள் கணக்கு என்றும் நினைக்கும் தலைவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தொடக்க காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பாளையங்கோட்டையை இருப்பிடமாகக் கொண்டு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு மெல்லிசைக் குழுவை நடத்தி வருகிறேன். கொடை என்று எங்கள் பக்கத்தில் சொல்லும் கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, தேவாலயத் திருவிழா, பள்ளி ஆண்டுவிழா என்று எங்கள் மேடைகள் பலவகைப்பட்டவை. குழுவில் இப்போது பதினொரு பேர் இருக்கிறார்கள். அவர்களில் நான்கு பேர் ஒரு நாள் முழுக்கப் பேசும் சொற்களை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். அந்த நான்கு பேரையும் விட்டுவிடாமல் வைத்துக்கொள்ள நான் கற்றுக்கொண்டதை, சிறு குழு நடத்தும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஆளைச் சரியாக அடையாளம் காண வேண்டும். சுவிட்சர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் கார்ல் யுங் 1921-இல் வெளியிட்ட நூலின் வழியே அகமுகர், புறமுகர் என்ற பாகுபாடு பரவலாயிற்று. அகமுகரின் கவனம் இயல்பாகவே உள்நோக்கிச் செல்லும். கூட்டத்தில் நெடுநேரம் இருந்தால் அவர் களைத்துப்போவார், தனிமையில் தெளிவடைவார். இது கூச்சம் அன்று. கூச்சம் என்பது பிறர் என்ன நினைப்பார்களோ என்ற அச்சம், பழகப் பழகக் குறையக்கூடியது. அகமுக இயல்போ ஒருவருடைய அமைப்பு. பத்து ஆண்டு பழகிய குழுவிலும் அவர் அளவாகத்தான் பேசுவார். நம் ஊரில் இப்படிப்பட்டவருக்கு "அழுத்தக்காரன்", "தலைக்கனம் பிடிச்சவன்" என்ற பட்டங்கள் எளிதில் கிடைத்துவிடும். புதிதாகச் சேர வருகிறவர் உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்துப் பேசவில்லை என்பதற்காக அவரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். மற்றவர்கள் வாசிக்கும்போது அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். தம்முடைய பகுதி இல்லாத இடத்தில் கைபேசியை எடுக்கிறாரா, அல்லது தலையை லேசாகச் சாய்த்து அடுத்தவருடைய வாசிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறாரா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பேசாத எல்லோரும் நன்றாகக் கேட்பவர்கள் அல்லர். அக்கறையில்லாமல் பேசாதிருப்பவரும் உண்டு. இந்த இரு வகையாரையும் பிரித்தறியாமல் இனிச் சொல்லப்போகும் எதையும் செய்ய இயலாது.

அவர்கள் தருவது

ஆறேழு ஆண்டுகளுக்கு முன், சித்திரை மாதத்தில், சேரன்மகாதேவிக்கு அருகே ஓர் ஊரில் அம்மன் கொடை. இரவு பதினொன்றரை மணிக்குச் சாமக்கொடைக்காகக் கச்சேரியை நிறுத்தி, பூசை முடிந்து ஒன்றரை மணிக்கு மறுபடி தொடங்கினோம். அந்த இரண்டு மணி நேரத்தில் சாம்பிராணிப் புகையும் ஆற்றங்கரைப் பனியும் எங்கள் பாடகியின் தொண்டையைக் கட்டிவிட்டன. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த பாடலின் சுருதி ஐந்தரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் அளவு). சரணத்தில் குரல் மேலே ஏறி நிற்க வேண்டிய பாடல் அது. நான் மைக்கில் ஊர்ப் பெரியவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

பேஸ் கிட்டார் வாசிக்கும் தம்பி அதற்கு முந்தைய பாடலில், பாடகி இரண்டு இடங்களில் மூச்சைப் பிரித்து எடுத்ததைக் கேட்டிருக்கிறார். நான் பேசி முடிப்பதற்குள் கீபோர்டுக்காரரின் பின்னால் போய் நின்று, ஒரு விரலைக் கீழ்நோக்கிக் காட்டினார். கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பொத்தானை ஒருமுறை அழுத்தி அரைக் கட்டை இறக்கினார். தபேலாக்காரர் அதைப் பார்த்துவிட்டுத் தம் சுருதியையும் இறக்கச் சுத்தியலை எடுத்தார். பிறகு அந்தத் தம்பி புல்லாங்குழல் பெட்டியிலிருந்து ஐந்து கட்டைக் குழலை எடுத்து, குழல் வாசிப்பவரின் மடியில் வைத்துவிட்டுத் தம் இடத்துக்குத் திரும்பினார். முன்னிசை தொடங்கியதும் பாடகி ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். பின் முகம் தெளிந்து பாடினார். மேடைக்கு முன் அமர்ந்திருந்த ஆயிரம் பேரில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது. எனக்கும் தெரியாது. விடியற்காலை வேனில் ஊர் திரும்பும்போது குழல் வாசிப்பவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று அந்தப் பாடல் உடைந்திருந்தால், அந்த ஊர்க் கொடைக்கு மறு ஆண்டு எங்களை அழைத்திருக்க மாட்டார்கள். மேடையில் இருக்கும் பெரும்பாலோரின் கவனம் கூட்டத்தின் மேல் இருக்கிறது. கைதட்டல் வருகிறதா, யார் எழுந்து போகிறார்கள், கமிட்டித் தலைவர் முகம் எப்படி இருக்கிறது என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கூட்டத்திடமிருந்து எதையும் எதிர்பார்க்காதவரின் செவி மேடைக்குள்ளேயே இருக்கிறது. தாளம் வேகமெடுத்து ஓடத் தொடங்குவதையும், பேட் என்ற மின்னணுத் தாளக் கருவியின் சத்தம் தபேலாவை விழுங்குவதையும், பாடகரின் மூச்சு குறைவதையும் முதலில் அறிபவர் அவரே. ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் சார்லி வாட்ஸ் 1963-இல் சேர்ந்து 2021-இல் இறக்கும் வரை அந்தக் குழுவின் தாளத்தைப் பிடித்திருந்தார். ஆரவாரத்துக்குப் பெயர் பெற்ற அந்தக் குழுவில் மிகவும் ஒதுங்கி இருந்தவர் அவர்தான். நம் பக்கத்தில், காருக்குறிச்சியில் 1921-இல் பிறந்த நாகஸ்வர மேதை அருணாசலம், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் பயின்று, அவரோடு சேர்ந்து வாசித்த பிறகே தனிப் பெரும் வித்வானாக உயர்ந்தார். அவர் அதிகம் பேசுகிறவரா அல்லரா என்பது பற்றி நான் எதுவும் சொல்ல வரவில்லை. இரண்டாம் நாயனம், அதாவது துணை நாகஸ்வரம், என்ற இடமே, முன்னவர் எங்கே போகிறார் என்று ஒவ்வொரு நொடியும் கேட்டுக்கொண்டிருக்கச் செய்யும் பயிற்சி என்பதைத்தான் சொல்கிறேன்.

ஒத்திகையில் செய்ய வேண்டியவை

"மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி" என்ற பழமொழியை ஒத்திகை அறைக்கு வெளியே விட்டுவிட்டு வாருங்கள். ஒரு பாடல் முடிந்ததும் "என்ன, எல்லாருக்கும் சரிதான?" என்று தலைவர் கேட்பதும், இரண்டு பேர் உரக்க "சரிதான் அண்ணாச்சி" என்பதும், அத்துடன் அடுத்த பாடலுக்குப் போவதும் நம் குழுக்களில் வழக்கம். இந்தக் கேள்விக்கு அகமுகர் ஒருபோதும் பதில் சொல்ல மாட்டார். ஏனெனில் அது பதில் வேண்டிக் கேட்கப்பட்ட கேள்வி அன்று என்பது அவருக்குத் தெரியும்.

அதற்குப் பதிலாக, ஒரு குறிப்பிட்ட இடத்தைச் சுட்டி, ஒருவரிடம் கேளுங்கள். "இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வரும் பிஜிஎம்மில் தபேலா சேருகிற இடம் உங்களுக்கு எப்படிக் கேட்கிறது?" என்பது போன்ற கேள்விக்கு அவரிடம் பெரும்பாலும் விடை தயாராக இருக்கும். கேட்டபின் காத்திருங்கள். காத்திருப்பதுதான் கடினம். நான் மனத்துக்குள் ஆதிதாளத்தில் இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) போடுவேன். பதினாறு எண்ணிக்கை முடியும் வரை வாயைத் திறக்க மாட்டேன், அடுத்தவரையும் திறக்க விடமாட்டேன். பெரும்பாலும் பத்தாவது பன்னிரண்டாவது எண்ணிக்கையில் பதில் வந்துவிடும். அந்த இடைவெளியைப் பொறுக்காமல் வேறொருவர் புகுந்து பேசினால், கேட்கப்பட்டவரிடமிருந்து அன்றைக்கு இனி எதுவும் வராது.

பாடல் பட்டியலை ஒத்திகைக்கு மூன்று நாள் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். ஒவ்வொரு பாடலுக்கும் எத்தனை கட்டை, யார் பாடுகிறார், எந்த இடத்தைச் சுருக்குகிறோம் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். வந்த இடத்தில் "இன்னிக்கு இதைப் போடுவோம்" என்று திடீரென அறிவிப்பது, நின்ற இடத்தில் நினைத்ததைச் சொல்லக்கூடியவர்களுக்கே வசதி. தனியாக உட்கார்ந்து நான்குமுறை கேட்டுவிட்டு வருகிறவருக்கு நேரம் கொடுத்தால், ஒத்திகை நேரமே பாதியாகக் குறைவதைக் காண்பீர்கள்.

நம் ஊர் வழக்கத்தில் இன்னொரு தடை உண்டு. வயதில் மூத்த அண்ணாச்சி தாளத்தை ஓட்டிவிட்டால், இளையவர் நாலுபேர் முன்னிலையில் அதைச் சொல்வது மரியாதைக் குறைவாகக் கருதப்படும். வாயாடும் இளைஞன்கூடத் தயங்குவான் என்றால், இயல்பிலேயே அளந்து பேசுபவர் எப்படிச் சொல்வார்? எனவே சொல்வதற்கு வேறு வழிகளைத் தலைவர்தான் உண்டாக்க வேண்டும். ஒன்று, ஒத்திகை முடிந்து தேநீர்க் கடைக்குப் போகும்போது அவரோடு தனியாக நடப்பது. "அண்ணாச்சி, ஒண்ணு சொல்லட்டுமா?" என்று அவர் தொடங்கினால், "சொல்லுடே" என்பதற்கு மேல் நீங்கள் எதுவும் பேச வேண்டாம். மற்றொன்று, நோட்டு. நாற்பது பக்கப் பள்ளி நோட்டு ஒன்றைப் பேனாவோடு கீபோர்டுப் பெட்டியின் மேல் வைத்துவிட்டேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம், பெயர் போடத் தேவையில்லை, எழுதியது யார் என்று நான் கேட்பதில்லை என்பது மட்டுமே விதி. முதல் மாதம் முழுவதும் அது வெறுமையாகக் கிடந்தது. பிறகு ஒருநாள் பென்சிலில் இப்படி இருந்தது: "3வது பாட்டு. பேட் சத்தம் கூட. தபேலா கேக்கல. கடைசி பல்லவில எல்லாரும் ஓடுதோம்." நான்கு சிறிய வரிகள், நான்கும் உண்மை. மறுநாள் அந்தப் பாடலை அதன்படி திருத்தினோம். திருத்தியதை அவர்கள் பார்த்த பிறகுதான் நோட்டு நிறையத் தொடங்கியது.

கேட்காமல் விட்டால் என்ன இழப்பு என்பதற்கு இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவே சான்று. "அமைதியான பீட்டில்" என்று பத்திரிகைகள் அழைத்த ஜார்ஜ் ஹாரிசனுக்கு, அதே குழுவின் லெனனும் மெக்கார்ட்னியும் எழுதிக் குவித்த பாடல்களுக்கு நடுவே ஒரு தொகுப்பில் ஒன்றிரண்டு இடங்களே பெரும்பாலும் கிடைத்தன. குழு பிரிந்த 1970-ஆம் ஆண்டிலேயே அவர் தனியாக வெளியிட்ட தொகுப்பு மூன்று இசைத்தட்டுகள் கொண்டது. அதில் பல பாடல்கள் பல ஆண்டுகளாக அவரிடம் சேர்ந்து கிடந்தவை. உங்கள் குழுவில் மூலையில் அமர்ந்திருப்பவரிடமும் அப்படி ஏதேனும் சேர்ந்துகொண்டிருக்கலாம்.

மேடையில்

ஒலி சரிபார்க்கும்போது பேசாதவர்களை முதலில் கவனியுங்கள். பாடகருக்கு மானிட்டர் (கலைஞர்கள் தங்கள் இசையைக் கேட்க மேடையில் வைக்கும் ஒலிபெருக்கி) கேட்கவில்லை என்றால் அவர் மைக்கிலேயே சொல்லிவிடுவார். பேஸ் கிட்டார்க்காரரோ கேட்காமலே இரவு முழுவதும் வாசித்துவிட்டுப் போவார். சவுண்டு சர்வீஸ்காரரிடம், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி "உங்களுக்குக் கேக்குதா?" என்று கேட்கும்படி முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இடம் அமைக்கும்போது பேஸ் கிட்டாரும் தபேலாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி இருக்க வேண்டும். அலங்காரப் பலகைக்காகவும் விளக்குக்காகவும் அவர்களைப் பிரித்துவிடாதீர்கள். சுருதியை இறக்க ஒரு விரல், தாளத்தை இழுத்துப் பிடிக்க மூடிய கை, சரணத்தைச் சுருக்கத் தோளைத் தொடுவது என்று நாலைந்து சைகைகளைக் குழு முழுவதும் ஒத்துக்கொள்ளுங்கள். அவற்றை யார் காட்டினாலும், மூத்தவர் இளையவர் பாராமல், மற்றவர்கள் பின்பற்ற வேண்டும்.

அறிமுகப்படுத்துவதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு கல்யாண வரவேற்பில், கூட்டத்தைக் கலகலப்பாக்கும் எண்ணத்தில், எங்கள் தபேலாக் கலைஞரை முன்னால் அழைத்து மைக்கைக் கையில் கொடுத்து, "இவர் பேசி யாரும் கேட்டதில்லை, இன்னிக்கு நாலு வார்த்தை பேசுவார்" என்றேன். அவர் மைக்கைப் பிடித்தபடி நின்றார். கழுத்தில் வியர்வை இறங்கியது. கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன். "வணக்கம்" என்று மட்டும் சொல்லிவிட்டு இருக்கைக்குப் போய், மீதி இரண்டு மணி நேரத்தையும் ஒரு பிசகும் இல்லாமல் வாசித்தார். அடுத்த இரண்டு கச்சேரிகளுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி அனுப்பினார். மூன்றாவது முறை நான் அவர் வீட்டுக்கே போனேன். காப்பி கொடுத்துவிட்டு நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "நான் வாசிக்கத்தான அண்ணாச்சி வந்தேன்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன்.

அதன்பின் எங்கள் குழுவில் அறிமுகத்தின் முறையே மாறிவிட்டது. பெயரையும் ஊரையும் நான் சொல்வேன், அவர் நான்கு ஆவர்த்தனம் தனியாக வாசிப்பார். அந்த நான்கு ஆவர்த்தனத்துக்குக் கிடைக்கும் கைதட்டல் என் எந்தப் பேச்சுக்கும் கிடைத்ததில்லை.

கச்சேரிக்கு முன்னும் பின்னும் உள்ள நேரத்தையும் கணக்கில் எடுங்கள். கொடை ஊர்களில் நம்மை ஒரு வீட்டில் இறக்கிவிடுவார்கள். அன்பான மக்கள், சாப்பாடு போட்டு, ஊர்க்கதை பேசி, படம் எடுத்துக்கொள்வார்கள். இரவு ஒன்பது மணிக்கு மேடை ஏறுமுன்னரே அகமுகர் இதில் களைத்துவிடுவார். அவர் வேனில் போய்த் தனியாக அரைமணி நேரம் உட்கார்ந்தால், "எங்கே போனான்?" என்று ஆள் அனுப்பாதீர்கள். வீட்டாரிடம் நீங்களே போய்ப் பேசிச் சமாளியுங்கள். திரும்பும் பயணத்தில் பாட்டுக்குப் பாட்டு விளையாட அவரை எழுப்பவும் வேண்டாம்.

கூலியும் கணக்கும்

பேசுகிறவர் தம் சம்பளத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வார், முன்பணமும் கேட்பார், உயர்த்தியும் கேட்பார். பேசாதவர் மூன்று கச்சேரி பாக்கி இருந்தாலும் வாய் திறக்க மாட்டார். அந்த மௌனத்தைத் தங்களுக்கு வசதியாகப் பயன்படுத்திக்கொள்ளும் தலைவர்கள் இருக்கிறார்கள். நான் இளைஞனாக வேறொரு குழுவில் கீபோர்டு வாசித்தபோது, என் பக்கத்தில் அமர்ந்து வயலின் வாசித்த ஒருவருக்கு ஆறு மாதப் பாக்கியை அப்படித்தான் இழுத்தடித்தார்கள். அவர் ஒருநாள் வராமல் போனார். அதற்குப்பின் அந்தக் குழுவின் சோகப் பாடல்கள் எதுவும் நிற்கவில்லை. யாரும் கேட்காமலே அன்றன்றைய பணத்தை அன்றிரவே உறையில் போட்டு எல்லோருக்கும் கொடுங்கள். உயர்த்தும்போது கேட்டவருக்கு மட்டும் உயர்த்தாதீர்கள்.

பேசாதவரின் மனம் விலகத் தொடங்கியதை எப்படி அறிவது? சண்டை போட மாட்டார், முகம் சுளிக்க மாட்டார், நேரத்துக்கு வருவார், சரியாக வாசிப்பார். ஆனால் நோட்டில் எழுதுவது நின்றிருக்கும், அடுத்தவர் வாசிக்கும்போது தலை சாய்ந்து கேட்பது நின்றிருக்கும். அந்த இரண்டையும் கண்டால் அன்றே அவரோடு நடக்கப் போங்கள். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஆள் கிடைக்க மாட்டார்.

இதையெல்லாம் சொல்வதால், பேசுகிறவர்கள் வேண்டாம் என்று நான் கருதுவதாக நினைத்துவிட வேண்டாம். கமிட்டியோடு தொகை பேச, மழை வந்து கூட்டம் கலையும்போது நிறுத்திப் பிடிக்க, அவர்களால்தான் முடியும். அதேபோல அமைதியான இயல்பு ஒருவருக்குக் கடமையிலிருந்து விலக்குத் தருவதில்லை. சுருதி விலகுவதைக் கேட்டும் சைகை காட்டாமல் இருந்துவிட்டு "எனக்குப் பேச வராது" என்று சொன்னால், நான் கடிந்துகொள்ளத்தான் செய்வேன். பேசத்தான் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, ஒரு விரலைக் காட்டினால் போதுமே.

ஆண்டுக்கு ஒருமுறை, ஆவணிக் கொடைகள் ஓய்ந்து கார்த்திகையில் ஐயப்பன் பூசைக் கச்சேரிகள் தொடங்குவதற்கு இடையே கிடைக்கும் ஓய்வில், குழுவினர் ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்திக்கிறேன். உங்களுக்கு வாசிப்பதில் இடைஞ்சலாக இருப்பது எது, நம் குழுவில் எந்தப் பாடல் இன்னும் சரியாக அமையவில்லை என்று இரண்டே கேள்விகள்தான் கேட்பேன். உடனே பதில் வேண்டாம், யோசித்துச் சொல்லுங்கள் என்று விட்டுவிடுவேன். சேரன்மகாதேவிக் கொடையில் சுருதியை இறக்கிய அந்தத் தம்பி முதல் முறை பதில் சொல்லப் பத்து நாள் எடுத்துக்கொண்டார். பதினோராம் நாள் நோட்டில் ஒரு வரி இருந்தது: "மானிட்டர் எனக்கு இடப்பக்கம் இருக்கு. வலது காதுலதான் பாடுறவங்க மூச்சு கேக்கும்." அன்றிலிருந்து எந்த ஊர் மேடையிலும் முதலில் இறங்கும் மானிட்டர் அவருடைய வலப்பக்கத்துக்குப் போகிறது.